கடலோர வீட்டில் பழைய லேத்: வேலைக்கு இறக்கும் முன்பு

கடலூர் முதுநகரில் வீட்டின் பின்கட்டில், தகரக் கூரை போட்ட அறையில், மூடப்பட்ட பட்டறை ஒன்றிலிருந்து வாங்கிய பழைய நாலரை அடி லேத்தை இறக்கி வைத்திருப்பதாகவும், அதன் பெட்டில் (நீளவாக்கில் கிடக்கும் அடித்தளத்தில்) துரு படிந்திருப்பதாகவும், சிறிய நீராவி எஞ்சின் மாதிரி ஒன்றைச் செய்து பார்ப்பதே நோக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்து வாங்க வேண்டியது பொருளைக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடைச் சக்கா, மிகக் கடினமான கார்பைடு வெட்டு டூல்களா, தட்டையாகச் செதுக்க உதவும் மில்லிங் அட்டாச்மென்ட்டா என்பது உங்கள் கேள்வி. நான் புதுச்சேரியில் பஞ்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்திலேயே வீட்டில் ஒரு சிறு பட்டறை வைத்து மாதிரி எஞ்சின்கள் செய்து வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். துருவை நிறுத்துவதும், பெட்டில் முறுக்கம் இல்லாமல் லேத்தை உட்கார வைப்பதும் முடியாத வரையில், நீங்கள் வாங்கும் எந்தச் சாமானும் அதற்குரிய வேலையைச் செய்யாது.

கூரை ஒழுகினால்தான் துரு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படி இல்லை. கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்புத் துகள் இரும்பின் மேல் படிந்த பிறகு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். நம் ஊரில் பெரும்பாலான காலை வேளைகளில் ஈரப்பதம் இந்த இரண்டு அளவுகளுக்கும் மேலேதான் இருக்கிறது. ஆகையால் ஒரு சொட்டு மழை படாத அறையில்கூட, பளபளப்பாகத் துடைத்து வைத்த இரும்பு மறுநாள் செம்பழுப்புப் புள்ளிகளோடு நிற்கும். மார்கழி, தை மாதங்களில் இன்னொரு தொல்லையும் சேரும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கனமான வார்ப்பிரும்பு, விடிந்த பிறகும் சட்டென்று சூடேறாது. கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று அதன் மேல் பட்டதும் பனித்துளி போல நீர் கோர்த்துக்கொள்ளும். அந்த மாதங்களில் பட்டறைக் கதவையும் சன்னலையும் காலை ஒன்பது, பத்து மணி வரை சாத்தியே வைத்திருங்கள்.

இப்போது பெட்டில் இருக்கும் துருவுக்கு வருகிறேன். உப்புத்தாளையோ எமரித் துணியையோ பெட்டின் மேல் எடுத்துச் செல்லாதீர்கள். அவற்றிலிருந்து உதிரும் துகள்கள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பதிந்துவிடும். பிறகு கேரேஜ் (டூலைத் தாங்கிப் பெட்டின் மேல் ஓடும் பகுதி) ஒவ்வொரு முறை நகரும்போதும் அவை பெட்டையும் கேரேஜின் அடிப்பகுதியையும் சேர்த்து அரைத்துக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெயை ஊற்றி ஒரு நாள் ஊற விட்டு, சவரப் பிளேடு ஒன்றை ஏறக்குறையப் படுத்த நிலையில் பிடித்துச் சுரண்டினால், மேலே எழும்பி நிற்கும் துரு மட்டும் வந்துவிடும். மிச்சத்தைப் பித்தளைப் பிரஷ்ஷால் தேயுங்கள். கறுப்பாகத் தழும்பு தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பள்ளமாக இருக்கும் கறை அளவைக் கெடுக்காது, மேடாக இருப்பதுதான் கெடுக்கும். அதோடு கேரேஜின் இரு முனைகளிலும் உள்ள ஃபெல்ட் துடைப்பான்களைக் கழற்றிப் புதியவை போடுங்கள். பழைய ஃபெல்ட்டில் பல ஆண்டுத் தூசி இருக்கும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, பைக்குப் போடும் எஞ்சின் ஆயிலைப் பெட் போன்ற வழுக்குத் தளங்களுக்குப் போட வேண்டாம். அதில் கலந்துள்ள அழுக்கு நீக்கிகள், எஞ்சினுக்குள் அழுக்கை மிதக்க வைப்பதற்காகச் சேர்க்கப்பட்டவை. இங்கே அவை தூசியையும் ஈரத்தையும் எண்ணெயிலேயே தங்க வைத்துவிடும். 68 கிரேடு வழுக்குத்தள எண்ணெய் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதே 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் போதுமானது. வாரக்கணக்கில் தொடாமல் விடப்போகும் பகுதிகளுக்கு எண்ணெய் போதாது, அது வழிந்துவிடும். லேனோலின் எனப்படும் கம்பளிக் கொழுப்பு ஒரு பங்கும் மினரல் டர்பன்டைன் நான்கு பங்கும் கலந்து தூரிகையால் பூசினால், டர்பன்டைன் ஆவியாகி, மெல்லிய பிசுக்குப் படலம் மாதக்கணக்கில் நிற்கும். லேத்தை மூடுவதற்குப் பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். எண்ணெய் தோய்ந்த பழைய பருத்தி வேட்டி போதும். மைக்ரோமீட்டர், டயல் கேஜ், ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போன்றவற்றை ஒரு மர அலமாரிக்குள் வைத்து, உள்ளே 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரிய விடுங்கள்; அலமாரிக்குள் வெப்பம் சில டிகிரி ஏறினாலே ஈரப்பதம் கணிசமாகக் குறையும். எல்.ஈ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அதன் குணம் இங்கே குற்றமாகிவிடுகிறது.

மனிதர்களின் வியர்வையும் ஒன்று போல இருப்பதில்லை. எங்கள் ஆலையில் ஒரு ஃபிட்டர் தொட்ட இடமெல்லாம் மறுநாள் விரல் ரேகையோடு துரு ஏறியிருக்கும். மேஸ்திரி அவரை ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக் கட்டைகள்) பெட்டியின் பக்கமே அண்ட விடமாட்டார். அவரும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை, வேறு யாரிடமாவது எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொள்வார். உங்கள் கையும் அப்படிப்பட்டதா என்று அறிய, பளபளப்பான எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) துண்டு ஒன்றை அழுத்திப் பிடித்துவிட்டு இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். அப்படிப்பட்டதானால் அளவுக் கருவிகளை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வைப்பதை ஒரு நாளும் தவறவிடக்கூடாது. மேலும், கழிவறை கழுவும் ஆசிட், பற்றவைக்கப் பயன்படும் துத்தநாகக் குளோரைடு, பிளீச்சிங் பவுடர் ஆகிய மூன்றையும் பட்டறை அறையில் மூடி போட்டும்கூட வைக்காதீர்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பாட்டிலின் மூடி வழியே கசியும் ஆவி ஒன்றே அறை முழுவதிலும் உள்ள இரும்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

பழைய லேத்தோடு வந்திருக்கும் ஸ்பேனர்கள், டூல் ஹோல்டர்கள், கியர்கள் போன்ற சிறு சாமான்களுக்கு மின்பகுப்பு முறை நல்லது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி, நாலைந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா கரைத்து, துருப்பிடித்த பொருளைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், ஒரு சாதாரண இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்க விட வேண்டும். 12 வோல்ட் போதும். சமையல் உப்பைக் கரைத்தால் குளோரின் வெளிப்படும். நேர்முனையில் எவர்சில்வரை வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மம் நீரில் கலக்கும். ஆகவே இரண்டும் கூடாது. எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழ்கள் எழும் என்பதால் வாளியைத் திறந்த வெளியில் வையுங்கள். சுருள்வில், பிளேடு போன்ற கடினப்படுத்தப்பட்ட எஃகை இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவை முறியும் தன்மை அடைந்துவிடும்.

கடலூரில் வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் பட்டறையைப் பற்றிப் பேச முடியாது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பல பட்டறைகளின் கூரைகள் பறந்தன. மின்சாரம் திரும்பப் பல இடங்களில் நெடுநாள் ஆனது. 2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை மீறியபோதும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லேத் மூழ்கிவிட்டால் பெரும்பாலோர் செய்வது, சேற்றைத் துணியால் வழித்துவிட்டு உடனே எண்ணெய் ஊற்றுவது. அப்படிச் செய்தால் உப்பும் சேறும் எண்ணெய்ப் படலத்துக்குக் கீழே சிறைப்பட்டுத் தம் வேலையைத் தொடரும். கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றினாலும், முதலில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி மூலை முடுக்கெல்லாம் கழுவ வேண்டும். கழுவிய கையோடு துணியால் துடைத்து, மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி மிச்ச நீரை வெளியேற்றி, அதன் பிறகே எண்ணெய் போட வேண்டும். ஹெட்ஸ்டாக்கில் (சக்கைச் சுழற்றும் தலைப்பகுதியில்) கியர் பெட்டி இருந்தால் அதன் எண்ணெயை வடித்தே ஆக வேண்டும். இவை அனைத்தும் தண்ணீர் வடிந்த அன்றே நடக்க வேண்டியவை. மூழ்கிக் கிடக்கும் நேரத்தைவிட, காற்றுப் பட்டு ஈரமாக நிற்கும் நேரத்தில்தான் துரு வேகமாகப் பரவுகிறது.

மூழ்கிய மோட்டாரை ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகச் சுவிட்சைத் தட்டுவதுதான் அதைக் கொல்லும் வழி. மூடிகளைக் கழற்றி, சுருள்களை நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் காய வைத்து, பிறகு ஒரு பெட்டிக்குள் குண்டு பல்புகளோடு வைத்து ஓரிரு நாள் சூடேற்றுங்கள். 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, சுருளுக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் காட்டுகிறதா என்று பார்த்த பின்னரே மின்சாரம் கொடுக்கலாம். பேரிங்குகளையும் கெபாசிட்டரையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். உங்கள் லேத் இன்னும் பொருத்தப்படவில்லை என்பதால் இப்போதே ஒன்று செய்யலாம்: மோட்டாரையும் சுவிட்சுப் பெட்டியையும் ஸ்டாண்டின் அடிப்பகுதியில் வைக்காமல், ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னால் உயர்த்திப் பொருத்துங்கள். இரண்டடி உயரம் பல சமயம் ஒரு மோட்டாரின் விலை.

அடுத்தது லேத்தை உட்கார வைப்பது. ரசமட்டம் வைத்துத் துல்லியமாகக் கிடைமட்டமாக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. உண்மையில் லேத்துக்குக் கிடைமட்டம் அவ்வளவு முக்கியம் அல்ல. அலையில் ஆடும் கப்பல்களின் எஞ்சின் அறையிலும் லேத்துகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. தேவையானது பெட்டில் முறுக்கம் இல்லாமை. நான்கு கால்களில் ஒன்று சற்றே தூக்கலாக இருக்கும் தரையில் போல்ட்டை இறுக்கினால், இவ்வளவு கனமான வார்ப்பிரும்பா வளையப் போகிறது என்று நமக்குத் தோன்றும். ஆனால் வளையும், அதுவும் கடைசல் வேலையில் கூம்பாகத் தெரியும் அளவுக்கு வளையும்.

முதலில் சாதாரண ரசமட்டத்தை வைத்து ஹெட்ஸ்டாக் பக்கத்து இரு கால்களையும் சரிசெய்து இறுக்கிவிடுங்கள். பிறகு 40 மி.மீ. விட்டமுள்ள அலுமினியத் தண்டையோ எம்.எஸ். தண்டையோ சக்கில் பிடித்து, சுமார் 150 மி.மீ. வெளியே நீட்டி வையுங்கள். பெட்டின் மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டாக்கின் சென்டரை (கூர்முனையை) முட்டுக் கொடுக்கக் கூடாது. தண்டின் நடுப்பகுதியைச் சற்று ஆழமாகக் கடைந்துவிட்டு, சக்குக்கு அருகில் ஒன்று, வெளி முனையில் ஒன்று என இரண்டு வளையங்கள் மட்டும் மேடாக நிற்கும்படி செய்யுங்கள். நன்றாகத் தீட்டிய டூலால், டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், 0.1 மி.மீ. அளவுக்கு ஒரே ஓட்டமாக இரு வளையங்களையும் கடைந்து, மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வெளி முனை வளையம் பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்தில் நீங்கள் நிற்கும் பக்கத்துக் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்து உயர்த்த வேண்டும். சிறிதாக இருந்தால் பின்பக்கத்துக் காலை உயர்த்த வேண்டும். ஷிம்முக்கு அலைய வேண்டாம், குளிர்பான அலுமினிய டப்பாவின் சுவர் சுமார் 0.1 மி.மீ. கனம் இருக்கும். இரு வளையங்களுக்கும் இடையே 0.01 மி.மீ. வேற்றுமைக்குள் வந்துவிட்டால் நம் வேலைக்குத் தாராளம். ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு இதை மறுபடி ஒரு முறை பாருங்கள், ஏனென்றால் தரை இறங்கும்.

இந்தச் சோதனை சரியாக வரவில்லையென்றால் கோளாறு தரையில் இல்லாமலும் இருக்கலாம். பழைய லேத்துகளில் சக்கை ஒட்டிய ஓரடி நீளத்தில்தான் பெட் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே கேரேஜ் தளர்வாகவும், டெயில்ஸ்டாக் பக்கம் போகப் போக இறுக்கமாகவும் இருந்தால் தேய்மானம்தான் காரணம். இறுக்கத்தை எப்போதும் தேயாத பக்கத்தில் வைத்துச் சரிசெய்ய வேண்டும்; தேய்ந்த இடத்தில் வைத்து இறுக்கினால் கேரேஜ் மறுபக்கம் போகாது. சக்கில் ஒரு தடித்த கட்டையைப் பிடித்து மேலும் கீழும் நெம்பி, டயல் கேஜ் முள் எவ்வளவு அசைகிறது என்று பார்த்தால் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) பேரிங்கின் நிலையும் தெரிந்துவிடும்.

மின் இணைப்பைப் பற்றிச் சுருக்கமாக: மோட்டார் மூன்று பேஸ் என்றால், ஒரு குதிரைத் திறனுக்கு ஒற்றைப் பேஸ் 230 வோல்ட்டில் இயங்கி மூன்று பேஸ் தரும் வி.எஃப்.டி. என்ற கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று போதும், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியாக இருக்கும். தனி எர்த், மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் கட்டாயம். உடையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். லுங்கியோடு லேத்தின் முன் நிற்கக்கூடாது. கையுறை, மோதிரம், தொங்கும் சட்டைக் கை, கோயிலில் கட்டிய சாமிக் கயிறு எதுவும் கூடாது. கயிற்றை அவிழ்ப்பது குற்றம் என்று தோன்றினால், அதைக் காலிலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளலாமா என்று கட்டிவிட்டவரிடமே கேளுங்கள். எங்கள் ஆலையில் ஒருவர் அப்படித்தான் செய்தார். சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கும் பழக்கம் ஒருபோதும் வந்துவிடக் கூடாது.

கார்பைடா, எச்.எஸ்.எஸ்.ஸா (அதிவேக எஃகு டூலா) என்ற கேள்விக்கு உங்கள் லேத்தின் வேகமே விடை சொல்லிவிடும். எம்.எஸ். தண்டைக் கார்பைடு டூல் நன்றாகக் கடைய வேண்டுமானால் நிமிடத்துக்கு 100 மீட்டருக்குக் குறையாத வெட்டு வேகம் வேண்டும். ஆர்.பி.எம். கண்டுபிடிக்க, மீட்டர் கணக்கிலான வெட்டு வேகத்தை 320 ஆல் பெருக்கி மி.மீ. விட்டத்தால் வகுத்தால் போதும். 20 மி.மீ. தண்டுக்கு அது 1600 ஆகிறது. பழைய நாலரை அடி லேத்துகளில் பெரும்பாலானவை அந்த வேகத்துக்குப் போகவே மாட்டா, போனாலும் அதிரும். எச்.எஸ்.எஸ். டூலுக்கு எம்.எஸ்.ஸில் 25 மீட்டர் போதும், 25 மி.மீ. தண்டென்றால் சுமார் 320 ஆர்.பி.எம். வார்ப்பிரும்புக்கு இதைவிடச் சற்றுக் குறைவாகவும், பித்தளைக்கு இரண்டு மடங்குக்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். எச்.எஸ்.எஸ். பிட்டை நீங்களே கிரைண்டரில் தீட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொரு லாபம். தீட்டும்போது முனை நீலமானால் பதற வேண்டாம். சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை அதன் கடினம் போகாது. சாதாரண கார்பன் எஃகு உளி நீலமானால்தான் போச்சு. பித்தளைக்குத் தீட்டும் டூலின் மேல்முகம் சரிவின்றித் தட்டையாக இருக்க வேண்டும், சரிவு இருந்தால் டூல் பொருளுக்குள் தானாகவே இழுத்துக்கொண்டு போகும்.

டூல் முனை ஸ்பிண்டில் மையத்தின் உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க, ஆறு அங்குல எஃகு ஸ்கேலை உருண்டைத் தண்டுக்கும் டூல் முனைக்கும் நடுவில் செங்குத்தாக வைத்து மெல்ல நெருக்குங்கள். ஸ்கேல் நேராக நின்றால் உயரம் சரி. அதன் தலை தண்டின் பக்கம் சாய்ந்தால் டூல் உயரம், உங்கள் பக்கம் சாய்ந்தால் தாழ்வு. டூல் தண்டைத் தொடும் கணத்தை அறிய எங்கள் மேஸ்திரி சிகரெட் தாளைப் பயன்படுத்துவார். எச்சில் தொட்டுத் தண்டின் மேல் ஒட்டி, சக்கைக் கையால் உருட்டியபடியே டூலை நெருங்கவிட்டு, தாள் இழுபடும் கணத்தில் நிறுத்துவார்; அங்கிருந்து சுமார் 0.025 மி.மீ. உள்ளே போனால் உலோகம். அவர் சிகரெட் குடிப்பவர் அல்லர், தாளுக்காகவே பெட்டி வாங்கி வைத்திருந்தார்.

அளக்கும்போது வெப்பத்தை மறந்துவிடக்கூடாது. கடைந்த சூட்டோடு 50 மி.மீ. அலுமினியத்தை அளந்தால், அறை வெப்பத்தைவிட அது 40 டிகிரி கூடுதலாக இருக்கும் நிலையில் 0.046 மி.மீ. பெரிதாகக் காட்டும். ஆறியபின் பிஸ்டன் சிலிண்டருக்குள் தொளதொளவென்று விழுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். எஃகு இதில் பாதியளவே விரியும். கிராஸ் ஸ்லைடைத் திருகும்போது எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவை அடையுங்கள். தாண்டிவிட்டால் அரைச் சுற்றுப் பின்னே போய் மறுபடி முன்னே வாருங்கள், இல்லையேல் திருகின் தளர்வு உங்கள் அளவைத் தின்றுவிடும்.

உங்கள் லேத்தின் லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது கேரேஜை இழுத்துச் செல்லும் நீண்ட திருகு) அங்குலக் கணக்காகவே இருக்க வாய்ப்பு அதிகம். அங்குலமும் மில்லிமீட்டரும் ஒரே பட்டறையில் கலந்து கிடப்பது நம் பக்கத்துப் பழைய பிரச்சினை. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956இல் வந்துவிட்டபோதிலும், பட்டறைகளில் இன்றும் அரை அங்குலத்தை நாலு நூல் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். 1841இல் ஆங்கிலேய எந்திரப் பொறியாளர் விட்வொர்த் முன்வைத்த 55 பாகை மரை பழைய எந்திரங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மெட்ரிக் மரையோ 60 பாகை. எம்8 போல்ட் 5/16 அங்குல விட்வொர்த் நட்டுக்குள் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போய், பிறகு சிக்கிக்கொள்ளும். ஸ்பேனரைப் போட்டு வலிப்பவர் இரண்டையும் கெடுப்பார். எங்கள் ஸ்டோரில் அங்குல டேப்புகளின் (துளைக்குள் மரை வெட்டும் கருவிகளின்) பிடியில் சிவப்பும் மெட்ரிக் டேப்புகளில் நீலமும் பெயின்ட் அடித்து வைத்திருந்தோம், நீங்களும் முதல் நாளிலேயே அடித்துவிடுங்கள். அங்குல லீட் ஸ்குரூவில் சரியான மெட்ரிக் மரை வெட்டுவதற்கு 127 பல் கியர் வேண்டும், ஏனென்றால் 5 அங்குலம் மிகச் சரியாக 127 மி.மீ. அப்படி வெட்டும்போது வெட்டி முடியும் வரை, கேரேஜை லீட் ஸ்குரூவோடு பூட்டும் ஹாஃப் நட்டைத் திறக்காமல், மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றியே கேரேஜைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். டேப் போடுவதற்கான துளைக்கு விட்டத்திலிருந்து பிட்சை (அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையேயான தூரத்தை) கழித்தால் போதும்: எம்6க்கு 5 மி.மீ., எம்8க்கு 6.8, எம்5க்கு 4.2.

சரக்குக்கு நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு விடியற்காலையில் போனால் பழைய டேப், ரீமர், வெர்னியர் கிடைக்கும். வெர்னியரின் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் கீற்றாக ஒளி தெரிந்தால் விட்டுவிடுங்கள். பழைய பிரிண்டர்களுக்குள் இருக்கும் கிரைண்ட் செய்த கம்பிகளும், மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பர் தண்டுகளும் ஷாஃப்டுக்கு அருமையானவை. பின்னதன் மேல் கடினக் குரோமியம் பூசியிருப்பதால் தேவையான நீளத்துக்கு அறுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. துறைமுகத்துப் பக்கம் படகு வேலை செய்யும் பட்டறைகளில் உடைந்த கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) வால்வுகளும் ஸ்டெயின்லெஸ் தண்டுத் துண்டுகளும் எடைக்குக் கிடைக்கலாம். கன்மெட்டலைக் கண்டால் விடாதீர்கள், சிலிண்டருக்கும் புஷ்ஷுக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை. ஸ்டெயின்லெஸ்ஸில் டூல் வெட்டாமல் உரசிக்கொண்டிருந்தால் மேல்பரப்பு இறுகிவிடும், ஆகவே தயங்காமல் ஆழமாகக் கொடுக்க வேண்டும். கட்டடம் கட்டி மிச்சமான முறுக்குக் கம்பி இலவசமாகக் கிடைக்கிறதே என்று சக்கில் ஏற்றாதீர்கள், அதன் வெளித்தோல் தயாரிப்பின்போதே நீரில் குளிர்வித்துக் கடினப்படுத்தப்பட்டது. வார்ப்பிரும்பில் முதல் வெட்டு, கடினமான வெளித்தோலுக்குக் கீழே போகும் அளவுக்கு ஆழமாக இருக்க வேண்டும். மேலே சுரண்டினால் டூல் முனை உடனே மழுங்கும்.

இத்தனையும் ஆன பிறகு பணம் இருந்தால் நாலு தாடைச் சக்கை வாங்குங்கள். பழைய மூன்று தாடைச் சக்கில் 0.1, 0.2 மி.மீ. ஓட்டம் (பொருள் மையம் விலகிச் சுழல்வது) இருப்பது சாதாரணம். நாலு தாடைச் சக்கில் டயல் கேஜ் வைத்துப் பொறுமையாகச் சரிசெய்தால் 0.01 வரை கொண்டுவரலாம், சதுரமான சிலிண்டர் கட்டையையும் அதில்தான் பிடிக்க முடியும். மில்லிங் அட்டாச்மென்ட் முதல் எஞ்சினுக்குத் தேவையே இல்லை. அரம் இருக்கிறது. அரத்தின் பற்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் துகள் அடைத்துக்கொண்டு கீறாது. புது அரத்தை முதலில் பித்தளைக்குப் பயன்படுத்தி, கூர் சற்றுக் குறைந்த பிறகு இரும்புக்கு மாற்றுங்கள்.

முதல் எஞ்சினாக, சிலிண்டரே ஆடியபடி துளைகளைத் திறந்து மூடும் ஆடுசிலிண்டர் வகையைச் செய்யுங்கள், அதற்குத் தனி வால்வு கிடையாது. சிலிண்டர் துளை 12 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 20 மி.மீ. என்பது கைக்கு அடங்கும் அளவு. 11.7 மி.மீ. வரை துளைத்துவிட்டு 12 எச்7 ரீமரை, துளைத்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், எண்ணெயோடு செலுத்துங்கள். வெளியே எடுக்கும்போதும் பின்னோக்கிச் சுழற்றக் கூடாது. அந்த ரீமர் 12.000க்கும் 12.018க்கும் இடைப்பட்ட துளையைத் தரும். பிஸ்டனை 11.98 அளவில் கடைந்து, அதில் இரண்டு மெல்லிய எண்ணெய்க் காடிகள் வெட்டிவிட்டால் வளையம் தேவையில்லை. சிலிண்டரைச் செங்குத்தாகப் பிடித்தால் பிஸ்டன் தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும். அடித்துளையை விரலால் அடைத்தால் நின்றுவிட வேண்டும். சிலிண்டரின் தட்டையான முகத்தையும் அது உரசும் தூணின் முகத்தையும், கனமான கண்ணாடித் தகட்டின் மேல் மிக மெல்லிய உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமன் செய்யுங்கள். எஞ்சின் ஓடாததற்குப் பெரும்பாலும் இந்த இரு முகங்களுக்கிடையே கசியும் காற்றே காரணம்.

ஓட்டிப் பார்க்கக் காற்றே போதும், சிறு கம்ப்ரசரில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தாராளம். பாய்லரை இப்போது தொடாதீர்கள். யூடியூபைப் பார்த்து, காலியான கேஸ் சிலிண்டரையோ தீயணைப்பு உருளையையோ பாய்லராக மாற்றுபவர்களைக் கண்டால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. சாதாரண ஈயப்பற்று சுமார் 183 டிகிரியில் உருகும். மூன்று கிலோ அழுத்தத்து நீராவியே 143 டிகிரியைத் தொட்டுவிடும். தண்ணீர் வற்றினால் இணைப்பு அப்படியே விட்டுவிடும். செம்புத் தகட்டில், 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப்பற்றால் இணைத்து, பாதுகாப்பு வால்வோடு செய்வதே முறை. அதையும் முன்பு செய்தவர் ஒருவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். செய்த பாய்லரை நெருப்பில் வைப்பதற்கு முன்பு, உள்ளே காற்றே இல்லாதபடி குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கைப்பம்பால் ஏற்றி அரை மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். நீர் அமுங்காது என்பதால், இணைப்பு விட்டுக்கொடுத்தாலும் ஒரு கசிவோடு முடிந்துவிடும். அதே சோதனையைக் காற்றை வைத்துச் செய்தால் வெடிக்கும்.